இடுப்பு உயரத்தில் ஒரு தேக்குப் பட்டை

"கைப்பிடிங்கிற வார்த்தை மட்டும் அவர் காதுல விழக் கூடாதும்மா," என்றாள் வீட்டுக்காரம்மா, குரலைத் தாழ்த்தி.

டிசைனர் பெண் தலையாட்டிவிட்டு வீட்டைப் பார்த்தாள். சுவரெல்லாம் தேக்குப் பலகை. சாய்ந்த மரக்கூரை. தோட்டம் முழுக்கத் தெரியும் கண்ணாடி. மூன்று படி இறங்கினால் கூடம். அங்கே மெல்லிய கால்களில் ஒரு தாழ்ந்த சோபா. அரை நூற்றாண்டுக்கு முந்தைய வீடு. எதைப் புதிதாகச் சேர்த்தாலும் துருத்திக்கொண்டு தெரியும்.

"இந்தப் படியிலதான் தடுமாறுறார். போன வாரம் அப்படியே உட்கார்ந்துட்டார். கேட்டா, செருப்பு வழுக்கிடுச்சாம். இன்னொரு தடவை விழுந்தா இடுப்பு எலும்பு தாங்குமா? கம்பி போடலாம்னு சொன்னா, என்னைக் கிழவனாக்கிட்டியான்னு மூஞ்சியைத் தூக்கி வெச்சுப்பார்."

"கம்பி வேண்டாம் ஆன்ட்டி. இடுப்பு உயரத்துல ஒரு தேக்குப் பட்டை. வாசல்லேர்ந்து கடைசிப் படி வரைக்கும் சுவரோடயே ஓடும். பலகையோட பலகையாத் தெரியும்."

"விரல் நுழையணுமே."

"இடைவெளி விடுவேன். கேட்டா, நிழல் அழகா விழறதுக்குன்னு சொல்லிடலாம்."

"நல்லாத்தான் பொய் சொல்றே," என்று வீட்டுக்காரம்மா சிரித்தாள்.

வேலை முடிந்த அன்று, வார்னிஷ் வாசனை போகும் முன்பே வீட்டுக்காரம்மாவின் கணவர் வந்து நின்றார்.

"இது எதுக்கு?"

"அழகுக்கு அங்கிள்."

"பிடிச்சுத்தான் பாருங்களேன். வழவழன்னு இருக்கு," என்று மனைவி தானே பட்டையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி, ஏறிக் காட்டினாள். அவர் பட்டையைப் பார்க்கவில்லை. அவள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரியாப் புரியல. இன்னொரு தடவை காட்டு."

காட்டினாள்.

"தினமும் பாடம் எடுக்கணும் போலிருக்கு," என்று அலுத்துக்கொண்டே தேநீர் போட உள்ளே போனாள்.

அவள் தலை மறைந்ததும், அவர் ஓரமாக இருந்த பெரிய பூந்தொட்டியை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு மளமளவெனப் படியிறங்கினார். ஜன்னலோரம் வைத்துவிட்டு அதே வேகத்தில் ஏறி வந்தார்.

டிசைனர் பெண் அவர் கால்களைப் பார்த்தாள். "அங்கிள், உங்களுக்குத்தானே கால்..."

"டாக்டர் அவளைத்தாம்மா எதையாவது பிடிச்சுக்கிட்டு நடக்கச் சொன்னார். எனக்கெதுக்கு கைப்பிடின்னு சிரிச்சுட்டா," என்றார் அவர், சமையலறைப் பக்கம் ஒரு கண் வைத்தபடி. "அதுக்கப்புறம்தான் நான் விழ ஆரம்பிச்சேன்."