கதவுக்கு அடியில் ஒரு மணி

சைக்கிள் பம்பின் இரும்பு அடிப்பாகம் அந்த ஆளின் விலாவில் இறங்கியபோது 'மடக்'கென்று ஒரு சத்தம் வந்திருக்க வேண்டும். எனக்குக் கேட்கவில்லை. நான் செய்த மணி அவ்வளவு சத்தமாக அடித்துக்கொண்டிருந்தது.

என் சைக்கிள் கடைக்குப் பக்கத்து வீட்டில் இருக்கும் என் தங்கச்சி போன வாரம் கடைக்கு வந்து, "கதவைத் தள்ளினா சத்தம் போடுற மாதிரி ஒண்ணு செஞ்சு தாண்ணா" என்றாள். திருடன் பயம் போல என்று நானும் செய்ய உட்கார்ந்துவிட்டேன்.

மரத்தில் ஒரு ஆப்பு. அதன் முதுகில் சாவி கொடுத்து முறுக்குகிற சுருள்வில், ஒரு குட்டிச் சுத்தி, பழைய சைக்கிள் மணியின் கிண்ணம். உள்ளே இருந்து கதவுக்கு அடியில் செருகிவிட்டால் போதும். வெளியிலிருந்து யார் தள்ளினாலும் ஆப்பு அழுந்தும், வில் அவிழும், தெருவே எழுந்து உட்காரும். கரண்ட் வேண்டாம், பேட்டரி வேண்டாம், என்னை மாதிரி மூளை இருந்தால் போதும் என்று நானே பீற்றிக்கொண்டேன்.

"எந்தத் திருடனும் இனி உன் வாசக்கதவைத் தொட மாட்டான்" என்றேன்.

"வாசலுக்கு இல்ல. உள் ரூமுக்கு."

"உள் ரூமுக்கா? அவன் ஹாலையெல்லாம் அள்ளிக்கிட்டு, கடைசியா உன்கிட்ட சொல்லிட்டுப் போறதுக்கா?"

"உன் கடை வரைக்கும் கேக்குமா, அதச் சொல்லு."

அவள் எப்போதுமே அப்படித்தான். சாப்பிட்டியா என்றால் வெயிலைப் பற்றிச் சொல்வாள். நகையெல்லாம் உள் ரூமில் இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இன்று உச்சி வெயிலில் ஒரு சக்கரத்தின் கோணலை நிமிர்த்திக்கொண்டிருந்தபோது மணி அலறியது. லாரி ஓட்டுகிற மாப்பிள்ளை நேற்றே லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போய்விட்டார். வீட்டில் தங்கச்சி மட்டும்தான். கையில் அகப்பட்ட பம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

வாசல் 'ஆ'வென்று திறந்து கிடந்தது. உள் ரூமுக்குப் போகிற நடையில் பகலிலும் இருட்டு. அந்த இருட்டில் ஒரு பெரிய முதுகு, தோளைக் கொடுத்துக் கதவை இடித்துக்கொண்டிருந்தது.

திருடனைப் பிடிப்பதில் எனக்கென்று ஒரு கொள்கை உண்டு. முதலில் தலையை மூடிவிட வேண்டும். அவன் மூஞ்சியைப் பார்த்தால் எனக்குக் கை ஓடாது. நாற்காலியில் கிடந்த போர்வையை அவன் தலையில் வீசி இறுக்கிவிட்டு, பம்பை ஓங்கினேன்.

நான் வீரன் இல்லை. பயந்து அடித்தேன். பயந்தவன் அடிக்க ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. விலாவில், முழங்காலில், போர்வைக்குள் மூக்கு இருக்கும் என்று தோன்றிய இடத்தில். போர்வையில் சிவப்பு பூத்து, பரவி, சொட்ட ஆரம்பித்தது. ஆள் சரிந்தான். முதுகில் முழங்காலை ஊன்றி, அவன் கையிலிருந்து நழுவி விழுந்த தோல் பெல்ட்டை எடுத்து அவன் கைகளைப் பின்னால் கட்டினேன். திருடனே கையோடு கட்டுவதற்கும் கொண்டு வந்திருக்கிறான் பார் என்று மனதுக்குள் ஒரு சிரிப்பு வேறு.

அப்போதுதான் சுருள்வில் ஓய்ந்து மணி நின்றது. போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"மச்சான்... நான்தான்..."

விலக்கிப் பார்த்தேன். மாப்பிள்ளை. மூக்கு ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. கீழுதடு கிழிந்து தொங்கியது. முன்பல் ஒன்று தரையில் கிடந்தது.

"ஐயையோ மாப்பிள்ளை! நீங்க ஊர்லயே இல்லன்னு..."

"லோடு கேன்சல்." ரத்தத்தைத் துப்பினார். "என் வீட்டுக்கு நான் வர்றதுக்கு உங்ககிட்ட டிக்கெட் வாங்கணுமா?"

கட்டை அவிழ்த்தேன். பெல்ட்டில் இருந்த ரத்தத்தை என் சட்டையிலேயே துடைத்து, மரியாதையாக மடித்து அவர் கையில் கொடுத்தேன். தண்ணீர் கொண்டு வரட்டுமா என்று கேட்டதற்கு என்னைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பிடித்து எழுந்தார்.

"நான் போலீஸ்ல ஒரு வார்த்தை சொன்னா நீங்க உள்ள. அதுக்கு முன்னாடி உங்க தங்கச்சியக் கூட்டிட்டுக் கிளம்புங்க. புருஷனை ஆள் வச்சு அடிக்கிறவ எனக்கு வேண்டாம்."

ஒரு சைக்கிள் மணியை வைத்துத் தங்கச்சியின் வாழ்க்கையையே கவிழ்த்துவிட்டேனே! பம்பைப் போட்டுவிட்டு அவர் காலைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னைத் தூக்கி உள்ள போடுங்க மாப்பிள்ளை. அவளைக் கைவிட்டுடாதீங்க. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. வேற ஆளுன்னு நினைச்சு அடிச்சிட்டேன்!"

உள் ரூம் கதவு திறந்தது. தங்கச்சி வெளியே வந்தாள். அவரைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த பல்லைத் தாண்டி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உள்ளதானே இருந்த? கதவுக்குப் பின்னாலிருந்து 'அண்ணா, திருடன் இல்ல, இவருதான்'னு ஒரு கத்து கத்தியிருந்தா நான் நிறுத்தியிருக்க மாட்டேனா? வந்தது யாருன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் ஏண்டி திருடனுக்குன்னு ஒரு மணி, அது இதுன்னு..."

அவள் குனிந்து, அவர் காலிலிருந்து என் கைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.

"நான் எப்பண்ணா திருடன்னு சொன்னேன்? நீ சரியான ஆளைத்தான் அடிச்சிருக்க."