அடுப்பில்லாத சமையல்

கல்யாணப் பந்தியில் சாம்பார்க் கரண்டிக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வாழை இலையின் முன்னால் வந்து நின்று, "சமையல்கட்டுலேர்ந்து வர்றேன். ஒழுங்காப் படு" என்றது.

"நேத்து வரைக்கும் நானும் சமையல்கட்டுதான்" என்றது இலை. "இன்னிக்குக் காலையிலதான் அறுத்துட்டாங்க."

கரண்டி குலுங்கிச் சிரித்ததில் இரண்டு சொட்டு சாம்பார் சிந்தியது. "உன் அடுப்பு எங்கே? புகை எங்கே?"

"வெயில்தான் அடுப்பு. வேர் தண்ணி அனுப்பும். மனுசங்க விட்ட மூச்சைக் காத்துலேர்ந்து எடுத்துக்குவோம். என் பச்சை எல்லாத்தையும் சேர்த்துச் சர்க்கரை ஆக்கும். புகை வராது. நல்ல காத்துதான் வெளியே போகும்."

"வாய்ப்பேச்சு வேண்டாம். ஒரு பதார்த்தம் காட்டு."

இலையின் ஓரத்தில் ஒரு வாழைப்பழம் இருந்தது. "இது எங்க தோட்டத்துத் தார்ல வந்தது. என் அக்காமார் இலைங்க மூணு மாசம் சமைச்சது. தீயே படலை."

"சோறும் பருப்பும் நாங்க சமைச்சது" என்றது கரண்டி.

"நெல்லும் துவரையும் சமைச்சதை நீங்க வேக வச்சீங்க."

கரண்டி சாம்பாரை மடமடவென்று ஊற்றியது. அந்த இலையில் சாப்பிட்டவர் கடைசியாகப் பழத்தைத் தின்று, "நல்ல இனிப்பு" என்று இலையை மடித்தார்.

"கேட்டியா?" என்றது இலை, மடிந்தபடியே.

அடுத்த பந்திக்குப் புது இலை விரித்தார்கள். அதன் முன்னால் வந்த கரண்டி சற்றுத் தயங்கியது.

"சாம்பார் ஊத்தட்டுங்களா?" என்று கேட்டது.