துணி கூடாத குளம்

நான் புலம்பெயர்ந்து வாழும் நோர்பரியில் ஐப்பசிக் காலை வெளிச்சம் குசினி யன்னலில் பால்போல நிற்கிறது. மேசையில் விரித்து வைத்த மடக்குப் போனுக்குள் என் தங்கச்சி றோஸ்மலர் மூச்சிரைக்கிறாள். ஐம்பத்தெட்டு வயதில் தனியாக யப்பானுக்குப் போனவள், ஒரு வெந்நீரூற்று ஊரில் பகல் முழுக்க மரச்செருப்போடு அலைந்திருக்கிறாள்; அங்கே இப்போது பின்னேரம். "அக்கா, ஊற்று ஆவியிலேயே முட்டை அவிக்கினம்! ரோட்டு வாய்க்காலிலயும் புகை!" "குளிச்சனியோ?" "எங்க? நெஞ்சுக்கு மேல துணி சுத்தி, குறுக்குக்கட்டோட குளத்துக்குள்ள இறங்கப் போனன். ஒரு மனிசி ஓடிவந்து மறிச்சுப்போட்டா. தண்ணிக்குள்ள துணி கூடாதாம். உள்ள பொம்பிளையள் எல்லாரும் பிறந்தமேனியா இருக்கினம்." "இப்ப எங்க நிக்கிறாய்?" "உடுப்பு மாத்துற அறையில. விடிய எனக்குப் பஸ், அக்கா. இதுக்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தன்." கிணற்றடியில்கூடக் குறுக்குக்கட்டை நெகிழவிடாத பிள்ளைகள் நாங்கள். கேத்தல் கொதித்துத் துள்ளுகிறது. "அங்க உன்னை ஆருக்கடி தெரியும்? பங்குச் சுவாமியார் நிக்கிறாரோ?" "மாதாவே, சிரிப்புக் காட்டாதேங்கோ!" அவளுக்கும் சிரிப்பு அடங்கவில்லை. "போனை வைக்காதேங்கோ, கூடைக்குள்ள கிடக்கட்டும்." துணி பொத்தென்று விழுகிறது. கதவு உருள்கிறது. தண்ணீரின் இரைச்சலும் தெரியாத மொழியின் கலகலப்பும் என் குசினியை நிறைக்கின்றன. பிறகு அதற்குள் றோஸ்மலரின் குரல், யாரோ யப்பான்காரியிடம், சுத்தத் தமிழில்: "கொஞ்சம் அங்கால அரக்கி இருங்கோ பிள்ளை, நானும் இறங்கப்போறன்!"