மலைப்பாதைக்கு ஒரு பை

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அருணாதேவி டார்ச்சை அடித்துப் பார்த்தாள். வெளிச்சம் மங்கலாக இருந்தது. பேட்டரியை மாற்றினாள்.

காரில் அவசரத்துக்கு என்று ஒரு பை. சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு மலையேறும் வீட்டில் அது இல்லாமல் எப்படி?

தண்ணீர் பாட்டில்கள், பிஸ்கட், காய்ச்சல் மாத்திரை, காயத்துக்குக் கட்டுத்துணி, ஒரு குடை.

துண்டை மடிக்கும்போது மட்டும் கை நின்றது.

போன ஆடியில் நாத்தனார் வீட்டிலிருந்து, இன்று போகவிருக்கும் இதே ஜமுனாமரத்தூரிலிருந்துதான் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மாறன் காருக்குள் வாந்தி எடுத்துவிட்டான். கைக்குழந்தை. ஜுரம் வேறு. சீட் கவர் புதிது. அவள் புருஷன் சகாதேவன் கத்தினான். அவள் ஒரே ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னாள்.

“கொழந்தைய எடுத்துக்கினு எறங்கு” என்றான்.

பிள்ளையைத் துடைத்துவிட்டு ஏறிக்கொள்ளலாம் என்றுதான் இறங்கினாள். பின்சீட்டில் பெரியவள் சிந்துஜா அழ அழ, கார் போய்விட்டது.

போன் காருக்குள். மருந்து காருக்குள். தண்ணீர் காருக்குள்.

தூறல் பிடித்துக்கொண்டது. மாறனை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு இறக்கத்தில் நடந்தாள். அவன் உடம்பு கொதித்தது. அழக்கூட மறந்து கிடந்தான். சாமை மூட்டை ஏற்றி வந்த ஒரு வேன் நிற்கிறவரை நடந்தாள்.

அவள் வீடு வந்து சேர்ந்தபோது சகாதேவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அதைக்கூட அவள் விழுங்கியிருப்பாள். அவன் அதைக் கதையாக்கினான்.

கல்யாணமோ வளைகாப்போ, நாலு பேர் கூடினால் போதும். “எங்க வீட்டம்மாவுக்கு வாய் ஜாஸ்தி. மலையில எறக்கி விட்டேன், கம்மியாயிடுச்சு.” எல்லோரும் சிரிப்பார்கள். அவன் தங்கை அபிநயா கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்பாள்.

அதற்குப் பிறகுதான் அருணாதேவி கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். சகாதேவன் தடுக்கவில்லை. பக்கத்து சீட்டில் சாய்ந்து தூங்க வசதியாக இருந்தது. சம்பளமில்லாத டிரைவர் என்று அதையும் சொல்லிச் சிரித்தான்.

வாசலில் ஹார்ன் அடித்தது. பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“பசங்கள சாக்கா வெச்சு ஊரையே தூக்கினு வர்றியா?” என்றான் சகாதேவன்.

“மலைப்பாதைங்க. இருக்கட்டும்.”

அபிநயாவின் மகனுக்குக் காதுகுத்து. பந்தியில் சகாதேவன் அந்தக் கதையை மறுபடியும் சொன்னான். இந்த முறை அவள் முந்தானையைச் சுருட்டிக்கொண்டு நின்றதாக நடித்தும் காட்டினான். அருணாதேவி அதே வரிசையில் ரசம் ஊற்றிக்கொண்டு வந்தாள். இலையை விட்டு ஒரு சொட்டு வெளியே விழவில்லை.

திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. பின்னால் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். முன்னால் அவனும் தூங்கினான். அந்த இறக்கத்தில் ஒரு வளைவைத் தாண்டி வண்டியை ஓரம் கட்டினாள்.

“பின் டயர்ல ஏதோ சத்தம் வருது. கொஞ்சம் எறங்கிப் பாருங்க.”

அவன் கொட்டாவி விட்டபடி இறங்கிப் பின்பக்கம் போனான். அவன் போன் சார்ஜில் கிடந்தது.

அவள் எட்டி அவன் பக்கத்துக் கதவைத் திறந்தாள். பையை ரோட்டோரம் வைத்தாள். கதவைச் சாத்திப் பூட்டினாள். அவன் முன்னால் வந்து கண்ணாடியைத் தட்டியபோது, குரல் போகும் அளவுக்கு மட்டும் அதை இறக்கினாள்.

“தண்ணி, மாத்திர, துண்டு எல்லாம் பையில இருக்கு. அன்னிக்கு எங்கிட்ட எதுவும் இல்ல.”

வண்டியை எடுத்தாள்.

அவன் ஓடி வருவது கண்ணாடியில் தெரிந்தது. அவளுக்கு அது போதவில்லை. வேகத்தைக் குறைத்தாள். அவன் நம்பிக்கையோடு இன்னும் வேகமாக ஓடி வந்தான். டிக்கியைத் தொடும் தூரத்துக்கு வந்ததும் அழுத்தினாள்.

அன்றைய கடைசி பஸ் இன்னும் கீழே இறங்கவில்லை. அது அவளுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது.

போளூர் தாண்டியதும் சிந்துஜா விழித்துக்கொண்டாள். காலியாகக் கிடந்த முன்சீட்டைப் பார்த்தாள்.

“அப்பா எங்கம்மா?”

“பஸ்ல வருவாரு.”

சிந்துஜா பசிக்கிறது என்றாள். பிஸ்கட் வைத்த பையைக் காணோம் என்றாள்.

“அது அப்பாவுக்குக் கட்டுன பை. நம்முது டிக்கியில இருக்கு.”

டிக்கியில் இருந்தது பெரிய பை. பிஸ்கட் அதில் மேலாக இருந்தது. அதற்குக் கீழே சிந்துஜாவின் பள்ளிச் சீருடைகள், மாறனின் சட்டைகள், கம்பளி, அருணாதேவியின் புடவைகள் எல்லாம்.

வேங்கிக்கால் வந்தது. கலெக்டர் ஆபீஸ் போனது. அவர்கள் தெருமுனையும் போனது. சிந்துஜா எழுந்து கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டாள்.

“அம்மா, நம்ம வீடு தாண்டிடுச்சு.”

“தெரியும் கண்ணு” என்றாள் அருணாதேவி.