ஒருவருக்கும் ஆபத்தில்லை

எந்தப் பேரிடரிலும் வேலை நிற்கக் கூடாது என்று, அந்த நிறுவனம் ஒவ்வோர் ஊழியருக்கும் அவரைப் போலவே பேசி வேலை பார்க்கும் ஒரு கணினி நகலைத் திரைக்குள் வைத்திருந்தது. நிர்வாகத்துக்கு அதில் அப்படியொரு பெருமை.

வெள்ளம் வந்த காலையில் மின்பிரிவு ஊழியர் இன்பசாகரன் அடித்தளத்து லிஃப்டில் மாட்டிக்கொண்டார். தண்ணீர் இடுப்புக்கு ஏறியதும் கட்டுப்பாட்டு அறையை அழைத்தார்.

"சார், நீங்க மூணாவது மாடி மீட்டிங்லதானே இருக்கீங்க?" என்றாள் அங்கிருந்த பெண்.

"அது நான் இல்லம்மா! நான் இங்க முழுகிட்டிருக்கேன்!"

"எங்க பதிவுல யாரும் காணாமப் போகல சார்."

அடுத்து மனைவி பூங்கோதையை அழைத்தார். அவர் தீயணைப்பு வீரர்களைக் கூட்டிவந்து, கதவைப் பெயர்த்து இவரை வெளியே எடுப்பதற்குள் தண்ணீர் கழுத்தைத் தொட்டிருந்தது.

இன்பசாகரன் மனைவியுடன் மூன்றாவது மாடிக்கு ஏறினார். திரையில் அவருடைய நகல், "நெருக்கடியைச் சிறப்பாகச் சமாளித்தோம், ஒருவருக்கும் ஆபத்தில்லை" என்று முடிக்க, அதிகாரிகள் கைதட்டினார்கள்.

பொதுமேலாளர் திரும்பி, தரையில் சொட்டும் சேற்றுத் தண்ணீரைப் பார்த்து முகம் சுளித்தார். "இன்பசாகரன், மீட்டிங் நடக்குதுல்ல? கொஞ்சம் வெளிய நில்லுங்க."

இன்பசாகரன் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றித் திரையின் மூலையில் மாட்டினார்.

"வா பூங்கோதை, போலாம். இவங்களுக்குத் தலையாட்ட அது ஒண்ணு போதும்."