ஒரே பதிவு எண்ணில் இரண்டு பேர்

அவள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு அந்த வரியை மறுபடி படித்தாள்.

பயணத் தேதியை மாற்றுவது வேறு. பயணத்தை ரத்து செய்வது வேறு.

இரண்டுக்கும் தனித்தனிக் கட்டணம். தனித்தனி விதி.

காலை பத்து மணி. அச்செடுத்த விமான டிக்கெட் நான்கு தாள்களாகச் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. கோயம்புத்தூரிலிருந்து சிங்கப்பூர் வழியாக மெல்பர்ன். இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது.

கூடத்தில் அவள் கணவர் சென்னியப்பன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வெகுநேரமாகப் பக்கம் திரும்பவில்லை.

நேற்று மகன் நவநீதன் மெல்பர்னிலிருந்து பேசினான். மூன்று வருடங்களுக்கு முன் வீட்டில் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டவன். அதன்பிறகு அப்பாவோடு பேச்சில்லை. இப்போது அவனுக்குப் பெண் குழந்தை பிறந்து ஐந்து மாதம். குழந்தையின் படத்தைப் பார்த்த அன்று சென்னியப்பனே உட்கார்ந்து இரண்டு டிக்கெட் எடுத்தார். ஜன்னலோர இருக்கையாகப் பார்த்து எடுத்தார்.

நேற்று எல்லாம் பேசி முடித்து, கடைசியில் நவநீதன் ஒன்று சொன்னான். இங்கே வந்து பழையதையெல்லாம் கிளற வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவை என்றான்.

ஸ்பீக்கர் போட்டிருந்தது அவனுக்குத் தெரியாது.

சென்னியப்பன் எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தார்.

"ரெண்டையும் கேன்சல் பண்ணிப்போடு."



காலையில் ரத்து செய்வதற்காகத்தான் உட்கார்ந்தாள். அதற்குமுன் விதிகளை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று தோன்றியது. ஈரோடு தபால் அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் கவுன்ட்டரில் இருந்தவள். மணியார்டர் அனுப்பியவர் மறுநாள் ஓடிவந்து, பெறுபவரின் பெயரை மாற்ற முடியுமா என்று கேட்பார். முடியாது என்று மற்றவர்கள் கையை விரிக்கும்போது, அவள்தான் விதிப்புத்தகத்தைப் புரட்டி வழி கண்டுபிடிப்பாள்.

படிக்கப் படிக்க ஆர்வம் கூடியது.

ரத்து செய்தால் டிக்கெட் விலை திரும்பாது. ஆனால் விமான நிலைய வரி திரும்பும். பறக்காதவரிடம் அந்த வரியை வாங்கக் கூடாதாம். இது அவளுக்குப் பிடித்திருந்தது.

தேதியை மாற்றினால் ஒரு கட்டணம். புதிய நாளில் விலை கூடியிருந்தால் அந்த வித்தியாசமும் சேரும்.

ஒன்றுமே சொல்லாமல் போகாமல் இருந்துவிட்டால் எல்லாம் போயிற்று. வராதது பெரிய தப்பில்லை, வரமாட்டேன் என்று சொல்லாததுதான் தப்பு என்பதுபோல் எழுதியிருந்தது.

அந்த வரியைச் சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் புரிந்தது. ஒன்றைத் தவிர.

தாளின் தலையில் ஒரே ஒரு பதிவு எண். கீழே இரண்டு பெயர்கள்.

போனால் இரண்டு பேரும் போக வேண்டுமா? நின்றால் இரண்டு பேரும் நிற்க வேண்டுமா?

அதைப் பற்றி எங்கும் எழுதவில்லை.

விமான நிறுவனத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டாள். பத்து நிமிடம் பாட்டு ஓடியது. பிறகு ஒரு பெண் தமிழில் பேசினாள். பிரிக்கலாமே என்றாள், வெகு சாதாரணமாக. ஒரு பதிவை இரண்டாக்கிவிடலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.

கட்டணமே கிடையாதா என்று அவள் இரண்டு முறை கேட்டாள்.

கல்யாணமாகி முப்பத்தாறு வருடம். பழனிக்கும் போயிருக்கிறாள், ஒருமுறை டெல்லிக்கும் போயிருக்கிறாள். அவர் இல்லாமல் வெளியூர் போனதில்லை.

"யாரோட டிக்கெட்டை கேன்சல் பண்ணணும் மேடம்?"

அவள் கூடத்தைப் பார்த்தாள். பேப்பர் சற்றே தாழ்ந்திருந்தது.

ரத்து செய்யாமல் வேறு வழி இருக்கிறதா என்று கேட்டாள்.

அந்தப் பெண் யாரிடமோ விசாரித்துவிட்டு வந்தாள். இருந்தது. புறப்படுவதற்கு முன்பே சொல்லிவிட்டால், தேதி போடாமல் அப்படியே வைத்திருக்கலாம். போக நினைக்கும்போது தேதி மாற்றும் கட்டணத்தையும் விலை வித்தியாசத்தையும் கட்டிக்கொள்ளலாம். டிக்கெட் எடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும்.

அவள் அதைத் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள். பிறகு, அப்படியே செய்துவிடச் சொன்னாள்.

மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு மின்னஞ்சல்கள் வந்தன. ஒன்றில் அவள் பெயரும் வெள்ளிக்கிழமையும். மற்றதில் அவர் பெயர் மட்டும். தேதி இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

கூடத்துக்குப் போனாள். நின்றபடியே சொன்னாள்.

"நான் வெள்ளிக்கிழமை போறனுங்க. உங்குளுத கேன்சல் பண்ணலீங்க. தேதி போடாம வெச்சிருக்குது. ஒரு வருசத்துக்குச் செல்லுமாங்க."

சத்தம் போடுவார் என்று நினைத்தாள். போடவில்லை. சிங்கப்பூரில் தனியாக எப்படி விமானம் மாறுவாய் என்று கேட்பார் என்று நினைத்தாள். அதற்குப் பதில் தயாராக வைத்திருந்தாள். அவர் அதையும் கேட்கவில்லை.

அவள் அறைக்குள் வந்தாள். பெட்டியைக் கட்டிலில் வைத்துத் திறந்தாள். புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கத் தொடங்கினாள்.

மூன்றாவது புடவையை எடுத்தபோது கூடத்திலிருந்து குரல் வந்தது.

"வருசம்னா, டிக்கெட் எடுத்த நாள்ல இருந்தா? இல்ல, இன்னைல இருந்தா?"

அவளுக்குப் பதில் தெரியும்.

கையிலிருந்த புடவையை முதலில் மடித்து வைத்தாள்.