காலிப் பலகை

சாயங்காலப் பாசஞ்சர் ஒரு கிராமத்து நிலையத்தில் முனகிக்கொண்டு நிற்கிறது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் தைத்துவிட்டு வரும் ஷஹீன் பானு, கூட வேலை செய்யும் கமலவேணியின் தோளில் வாய் திறந்து உறங்குகிறாள். கடைசியில் இறங்கும் ஊர்க்காரிதான் மற்றவர்களை எழுப்பிவிட வேண்டும் என்பது கம்பெனிப் பெண்களின் வழக்கம்; கமலவேணியின் ஊர்தான் கடைசி. “எழுந்திரு பானு, உன் ஊரு வந்துட்ச்சு.” பசை வாடையடிக்கும் துப்பட்டாவை இழுத்துவிட்டு அவள் தடுமாறி இறங்குகிறாள். வேப்பமரத்தடியில் மங்கலாக எரியும் விளக்கு அவள் கன்னத்தில் ஒட்டியிருக்கும் தையல்நூலைக் காட்டுகிறது. பானு வெளியிலிருந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “உன்னை யாருக்கா எழுப்புவாங்க? அன்னிக்கு மாதிரி தூங்கிட்டு காட்பாடி போய் நின்னுடாதே. புள்ள பாலுக்கு அழும்” என்கிறாள். கமலவேணி சிரிக்கப் பார்க்கிறாள், கொட்டாவிதான் வருகிறது. வண்டி நகர்கிறது. கால் நீட்டிப் படுக்கலாம்போல மரப்பலகை முழுவதும் காலியாகக் கிடக்கிறது. கமலவேணி எழுந்துபோய்க் கதவோரக் கம்பியைப் பிடித்து நின்றுகொள்கிறாள்.